தத்துவப் பேராசிரியர் முன்னால் மைக்கை வைப்பதற்கு முன்

தமிழில் தத்துவ உரையாடல் பாட்காஸ்ட் ஒன்று நடத்த வேண்டும் என்று யாருக்காவது ஆசை இருந்தால், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது எழுபதாயிரம் ரூபாய்க்குக் கிட்டத்தட்டச் செலவு வைத்தது. ஒன்றரை வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளும் அதோடு போயின. இதில் பாதிக்கு மேல் தேவையே இல்லாத செலவு. விசாரித்துவிட்டு இறங்கலாம் என்றால், மதுரையில் இதைச் செய்து பார்த்தவர் யாரும் என் கண்ணில் படவில்லை. கல்லூரிகளில் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், கோயிலில் சொற்பொழிவு ஏற்பாடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பட்டிமன்றத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஒரு தத்துவ ஆசிரியரை எதிரே உட்காரவைத்து, சாதாரண ஆள் கேட்கிற கேள்வியைக் கேட்டு, அதைப் பதிவு செய்து போடுவதற்கு மட்டும் வழி சொல்ல ஆள் இல்லை. அதனால் நான் பட்டதை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

நான் தத்துவம் படித்தவள் இல்லை. பி.காம். முடித்துவிட்டு விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். திருநகரிலிருந்து பெரியார் பஸ் நிலையம் வரும் பஸ்ஸில் காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். அப்படித்தான் 2007-இல் டேவிட் எட்மண்ட்ஸும் நைஜல் வார்பர்ட்டனும் தொடங்கிய ‘பிலாசஃபி பைட்ஸ்’ என்ற ஆங்கில பாட்காஸ்ட் அகப்பட்டது. ஒரு தத்துவ அறிஞர், ஒரு விஷயம், கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பசுமலையில் தொடங்கினால் பெரியாரில் இறங்குவதற்குள் முடிந்துவிடும். பிறகு பிரையன் மகீ 1978-இல் பிபிசி தொலைக்காட்சியில் நடத்திய பதினைந்து உரையாடல்களைத் தேடிப் பார்த்தேன். சோஃபாவில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், வேறொன்றும் இல்லை. ஆனால் மகீ ஒரு வேலை செய்வார். விருந்தினர் சிக்கலாக ஒன்றைச் சொல்லி முடித்ததும், “அப்படியென்றால் நீங்கள் சொல்வது இதுதானா?” என்று அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வார். எனக்கு அங்கேதான் புரியும். இதே மாதிரி நம் ஊர்ப் பேராசிரியர்களைத் தமிழில் பேசவைத்தால் என்ன என்று தோன்றியபோது கையில் சீட்டு எடுத்த பணம் இருந்தது.

முதல் அடி ஸ்டுடியோவில் விழுந்தது. விளம்பரக் குரல் பதிவு செய்யும் ஒரு இடம். மணிக்கணக்கை மொத்தமாக வாங்கினால் மலிவு என்று சொல்லி இருபத்திரண்டாயிரம் முன்பணம் வாங்கினார்கள். பில் கேட்டேன். “வேலை முடிஞ்சதும் மொத்தமா போட்டுரலாம்க்கா” என்றார் அந்தத் தம்பி. ஒரே ஒரு பதிவு நடந்தது. அடுத்த முறை போன் செய்தால் சினிமா வேலை வந்திருக்கிறது என்றார்கள், அதற்கடுத்து ஏசி ரிப்பேர், அதற்கடுத்து போனை எடுக்கவே இல்லை. நேரில் போனால் கதவில் வாடகைக்கு என்ற பலகை. பணம் போனதைவிட, வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்ததுதான் கஷ்டம். “எதுக்கும்மா உனக்கு இந்த வேலை?” என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் வாயே திறக்கவில்லை. ஒரு உரையாடலுக்கு ஸ்டுடியோ தேவையில்லை. சட்டையில் குத்தும் காலர் மைக் இரண்டு, அவற்றைத் தனித்தனி டிராக்கில் பதிவு செய்கிற சின்ன ரெக்கார்டர் ஒன்று, ஹெட்போன் ஒன்று போதும். தனித்தனி டிராக் மிகவும் முக்கியம். அவர் பேசும்போது நீங்கள் இருமினால் உங்கள் டிராக்கை மட்டும் வெட்டிவிடலாம். டைல்ஸ் போட்ட ஹாலில் உட்காராதீர்கள், எதிரொலிக்கும். கட்டிலும் மெத்தையும் துணி அடைத்த பீரோவும் உள்ள படுக்கையறைதான் நல்ல அறை. மின்விசிறியை நிறுத்தித்தான் ஆகவேண்டும். மதுரை மே மாதத்தில் அதற்கு ஒப்புக்கொள்கிற விருந்தினர் கிடைப்பது பெரிய விஷயம்.

அந்த ஒரே ஸ்டுடியோப் பதிவுக்கு வருகிறேன். வந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நாம் எதையும் எப்படி அறிகிறோம் என்பதுதான் பேச்சு. கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். நான் முதல் கேள்வியைக் கேட்டேன், இரண்டாவது கேள்விக்கு இடமே வரவில்லை. வாத்சாயனர், திக்நாகர், மெய்கண்டார் என்று பழைய தத்துவ ஆசிரியர்கள் வழியாக வரிசையாகப் போனார். ஒரு மணி நேரத்துக்கு மேல் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அவர் மேல் குறையே இல்லை, நாற்பது வருடம் வகுப்பெடுத்தவர் வகுப்புதான் எடுப்பார். வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் அது நடந்தது. என் தலையில் இருந்த பூவைக் காட்டி, “ஏம்மா, இதை எப்படி நம்பி வாங்குன?” என்று கேட்டார். காலையில் மாட்டுத்தாவணிப் பூமார்க்கெட்டிலிருந்து வந்த மல்லி என்று பூக்காரம்மா சொன்னதாகச் சொன்னேன்.

“மொட்டு குண்டா, வெள்ளையா இருந்தது, பார்த்த. அது காட்சி. சாயங்காலம் விரியும்னு கணக்குப் போட்ட. அது கருதல். நேத்துப் பூவை ஐஸ்ல வச்சு விக்கலைன்னு அந்தம்மா சொன்னதை நம்புன. அது உரை. சைவ சித்தாந்தம் இந்த மூணையும் ஏத்துக்கும். சார்வாகன் காட்சி மட்டும்தான்னு சொல்லுவான், அதனால அவன் மொட்டுக்குக் காசு குடுப்பான், மணத்துக்குக் குடுக்க மாட்டான்.” சிரித்தேன். “திக்நாகர் வழியில வந்த பௌத்தர் காட்சியும் கருதலும் போதும்பார். பூக்காரம்மா சொன்னதை நம்பலாம்ங்கிறதே ஒரு கருதல்தானே, அதுக்கு எதுக்குத் தனிக் கணக்குன்னு கேப்பார்.” கணக்கு பார்க்கிறவளுக்கு இது சட்டென்று பிடித்தது. அந்தம்மா பொய் சொன்னால் என்ன என்று கேட்டேன். “அதுக்குத்தான் நியாயம்ங்கிற தர்க்கப் பள்ளியில ஆப்தன்னு ஒரு ஆளை வச்சாங்க. விஷயம் தெரிஞ்சவனா இருக்கணும், உள்ளதைச் சொல்லணும்ங்கிற எண்ணமும் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லாட்டி அவன் சொல்லு செல்லாது” என்றார்.

இது எதுவும் பதிவாகவில்லை. மைக் எல்லாம் மேலே ஸ்டுடியோவில். பதிவான ஒரு மணி நேரத்தில் இந்த டீக்கடை ஐந்து நிமிடத்துக்கு ஈடாக ஒரு இடமும் இல்லை. அன்றைக்கு வயிறு எரிந்தது உண்மை. இப்போது விருந்தினர் வீட்டு வாசலில் நுழையும்போதே, “ஐயா, ரெக்கார்டர் ஓடிக்கிட்டேதான் இருக்கும், வேண்டாததை எடுத்துருவேன்” என்று சொல்லி அனுமதி வாங்கிவிடுகிறேன். பேச்சின் முதல் கேள்வியையும் ஒரு பொருளை வைத்தே கேட்கிறேன். “அறிவு என்றால் என்ன?” என்று கேட்டால் காகிதக் கட்டு வெளியே வரும். “இந்தப் பூவை எப்படி நம்பி வாங்கினேன்?” என்றால் மனிதர் பேசுவார்.

குறுக்கிடுவது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். பதிவுக்கு முந்தைய நாள் போனில் இப்படிச் சொல்லிவைக்கிறேன்: “ஐயா, நடுவுல எனக்குப் புரியலைன்னா கையைத் தூக்குவேன். கேக்கிறவங்க சார்பாத்தான் தூக்குறேன், மரியாதைக் குறைவா நினைச்சுக்கக் கூடாது.” இப்படி முன்கூட்டியே கேட்டபோது யாரும் கோபித்துக்கொண்டதில்லை, பலர் சந்தோஷப்பட்டார்கள். பேச்சின் நடுவே திடீரென்று குறுக்கிட்டால்தான் முகம் மாறும். கையைத் தூக்கிய பிறகு இரண்டே கேள்விகள்தான் கேட்கிறேன். ஒன்று, “இதுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.” இன்னொன்று, “இதை ஒத்துக்காதவங்க என்ன சொல்லுவாங்க?” இரண்டாவது கேள்வி பொன்னானது. ஆசிரியர் தன் கட்சியை விட்டு எதிர்க்கட்சிக்குள் போய்ப் பேசும்போது குரலே மாறிவிடும். துணிச்சல் வரவில்லை என்றால் மணிமேகலையை நினைத்துக்கொள்ளுங்கள். வஞ்சி நகரில் அளவைவாதி தொடங்கி ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன் என்று வேறுவேறு கொள்கைக்காரர் ஒவ்வொருவரிடமும் போய் உங்கள் கொள்கையைச் சொல்லுங்கள் என்று கேட்கிறாள். கடைசியில் பூதவாதி, கண்ணால் காண்பது ஒன்றே உண்மை, கருதிப் பெறுவது எதுவும் செல்லாது என்கிறான். உன் தாய் தந்தையை மட்டும் நீ எப்படி அறிந்தாய், கருதித்தானே என்கிறாள் அவள். ஒரே ஒரு கேள்வி! பூதவாதியின் மொத்தக் கொள்கையும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். நமக்கு அந்த அளவுக்கு வராது, பரவாயில்லை, “புரியலைங்கய்யா” வந்தாலே போதும்.

இரண்டாவது விருந்தினர் அறவியல் கற்பிக்கும் ஒரு அம்மா. ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் 1972-இல் வெளியிட்ட கட்டுரையை எடுத்துப் பேசினார். கிழக்கு வங்காள அகதிகள் லட்சக்கணக்கில் தவித்த நேரத்தில் எழுதப்பட்டது அது. ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது, நீங்கள் இறங்கித் தூக்கலாம், உடை சேறாகும், அவ்வளவுதான் நஷ்டம். இறங்குவீர்களா? இறங்குவோம். அப்படியென்றால் எங்கோ தூரத்தில் பட்டினியில் சாகும் குழந்தையை அதே அளவு செலவில் காப்பாற்ற முடியும் என்றால் ஏன் சும்மா இருக்கிறோம், தூரம் என்ன விலக்கு என்பது சிங்கரின் கேள்வி. அந்த அம்மா குளத்தைக் கண்மாய் ஆக்கி, உடையைக் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச்சேலை ஆக்கிச் சொன்னார். பேச்சு அருமையாக வந்தது. வீட்டில் அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு அத்தை சொன்னது: “கண்மாயில கெடந்தா நானே தூக்கிருவேன். தூரத்துப் பிள்ளைக்குக் காசு அனுப்புனா, அது பிள்ளைக்குத்தான் போச்சுன்னு எனக்கு யாரு சொல்லுவா?”

இதைப் பேராசிரியர் அம்மாவிடம் போனில் சொன்னேன். மறுபடி உட்காரலாம் வா என்றார். இரண்டாவது பதிவில் அவர் பிரித்துக் காட்டியது முதல் பதிவைவிட நன்றாக இருந்தது. உதவ வேண்டிய கடமை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, நம் பணம் போகிற வழியை நம்பலாமா என்பது வேறு கேள்வி. வழி சரியில்லை என்றால் நல்ல வழியைத் தேடவேண்டுமே தவிர, கடமை இல்லை என்று ஆகிவிடாது என்றார். நான் அந்த இடத்தில் பூக்காரம்மா கதையைச் சொன்னேன், யாருடைய சொல்லை நம்புவது என்று மறுபடி அங்கேயே வந்து நின்றோம். ஆக, வெளியிடுவதற்கு முன் ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். படித்தவராக இருக்க வேண்டியதில்லை, உங்களைப் பாராட்டாதவராக இருந்தால் சரி. நண்பர்கள் “சூப்பர்” என்று அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். அத்தை அப்படியெல்லாம் இல்லை.

கீழக்குயில்குடி விவகாரம் நினைத்தால் இன்னும் ஆறவில்லை. சமண தத்துவம் தெரிந்த ஒருவர் ரயிலில் வெளியூரிலிருந்து வந்தார். சமணர் மலையில் செட்டிப்புடவுச் சிற்பங்களுக்கு முன்னால் உட்கார்ந்தே அநேகாந்தவாதம் பேசலாம் என்று ஆசைப்பட்டோம். எந்தப் பொருளுக்கும் பல பக்கம் உண்டு, நாம் சொல்கிற ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து சொல்வதுதான், அதனால் “ஒரு வகையில்” என்று சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். எல்லாம் ஒரு வகையில் உண்மை என்றால், இந்தக் கொள்கையும் ஒரு வகையில் மட்டும்தானா என்று கேட்டேன். நிறைய நேரம் யோசித்து, மெதுவாக, அடுக்கடுக்காகப் பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து கேட்டால் ஹோ என்ற காற்று மட்டும்தான். மைக்கில் பஞ்சு உறை போடவில்லை. அவர் பதிலில் ஒரு வாக்கியம்கூட முழுதாகத் தேறவில்லை. எடிட் செய்கிற தம்பி இரண்டு நாள் போராடிவிட்டு, “காத்தை எடுத்தா அவரும் சேர்ந்து போயிர்றார்க்கா” என்றார். ரயில் டிக்கெட், தங்கிய அறை, ஆட்டோ, மரியாதைத் தொகை எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துக்கு மேல். பாறையும் சிற்பமும் காதுக்குக் கேட்காது. மலையைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி, நிழலில் நிறுத்திய காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசுங்கள். நிறுத்திய கார் நல்ல ஒலியறை. பேச்சு தொடங்கி ஒரு நிமிடத்தில் நிறுத்தி, ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். விருந்தினர் காத்திருப்பார்.

கூட்டம் போட்டுப் பார்க்கலாம் என்ற யோசனையும் வந்தது. பாரிஸில் மார்க் சோத்தே என்பவர் 1992-இல் பாஸ்டீல் சதுக்கத்தில் ஒரு காபிக்கடையில் ஞாயிறு காலைகளில் தத்துவம் பேசக் கூடத் தொடங்கி, அது பல ஊர்களுக்குப் பரவியது என்று படித்திருந்தேன். மதுரையில் ஹால் வாடகை, மைக் செட், டீ, சுண்டல் என்று ஒன்பதாயிரம் ஆனது. கூட்டம் வரவே செய்தது. சுதந்திரமாக முடிவெடுக்கிறோமா, எல்லாம் முன்பே தீர்மானமானதா என்ற பேச்சை விருந்தினர் அழகாக முடிக்காமல் விட்டார். உடனே முன்வரிசையில் ஒருவர், “அப்ப தீர்ப்பு என்னங்கய்யா?” என்றார். பட்டிமன்ற ஊர் இது, அவரைக் குறை சொல்ல முடியாது. இன்னொருவர் கேள்வி கேட்கிறேன் என்று மைக்கை வாங்கி ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டார். பிறகு ஒருநாள் பூக்காரம்மாவை வைத்து விளக்கிய அந்தப் பேராசிரியர்தான் தெளிவுபடுத்தினார்: நியாயப் பள்ளியின் மூல நூலான நியாய சூத்திரமே பேச்சை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைத் தேடிப் பேசுவது வாதம், ஜெயிப்பதற்காகப் பேசுவது ஜல்பம், தனக்கென ஒரு நிலையும் இல்லாமல் எதிராளியை உடைப்பதற்கென்றே பேசுவது விதண்டை. இப்போது கூட்டம் என்றால் தொடக்கத்திலேயே இந்த மூன்றையும் சொல்லி, இன்றைக்கு முதலாவது மட்டும்தான், தீர்ப்பு கிடையாது என்று அறிவித்துவிடுகிறேன். கேள்விகளைத் துண்டுச்சீட்டில் வாங்கி நானே வாசிக்கிறேன். சொற்பொழிவை யாரும் துண்டுச்சீட்டில் எழுதுவதில்லை.

அனுமதிக் கடிதம் பற்றிச் சுருக்கமாக. ஒருவர் கடவுள் இருப்புக்கான வாதங்களைப் பற்றி நியாயமாக, இரண்டு பக்கமும் பேசினார். வெளியிட்ட சில நாளில் போன் வந்தது, அவர் வேலை பார்க்கும் இடத்தில் யாரோ முகம் சுளித்திருக்கிறார்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்துவிட்டேன். எடிட்டிங் காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும், அவரும் நானும் இப்போது பேசிக்கொள்வதில்லை என்பதுதான் உறுத்துகிறது. பதிவுக்கு முன் ஒரு பக்கக் கடிதம் எழுதி வாங்குங்கள்: பேச்சு பொதுவில் வெளியாகும், வெளியிடுமுன் ஒருமுறை கேட்கத் தருவோம், இத்தனை நாளுக்குள் திருத்தம் சொல்லலாம், அதற்குப் பின் இல்லை. தகவல் பிழை என்றால் திருத்துங்கள். “நான் இன்னும் அழகா சொல்லியிருக்கலாம்” என்பதற்கெல்லாம் வெட்டத் தொடங்கினால் உயிரே போய்விடும்.

இப்போதைய கணக்கு இது. பதிவு முக்கால் மணி நேரம், வெளியிடுவது இருபது நிமிடம். விருந்தினருக்கு ஒரு சிறு தொகையும் போக்குவரத்தும். வேண்டாம் என்பார்கள், கொடுத்துவிடுங்கள், அடுத்த முறை கூப்பிட வாய் வரும். எடிட் செய்யும் தம்பிக்கு ஆயிரத்தைந்நூறு. எல்லாம் சேர்த்து ஒரு பேச்சுக்கு மூவாயிரத்துக்குள் முடிகிறது, மாதம் ஒன்று என்றால் என் சம்பளத்தில் தாங்கும். ஆடி மாதத்தில் மட்டும் பதிவு வைத்துக்கொள்வதில்லை. எங்கள் தெருவில் குழாய் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் எந்த மெத்தையும் தடுக்காது. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று விருந்தினர்கள் கட்டாயம் கேட்பார்கள், உள்ள எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். சில நூறு பேர்தான் என்றேன் ஒருவரிடம். “என் வகுப்புல எப்பவும் பன்னிரண்டு பேருக்கு மேல இருந்ததில்லைம்மா” என்று சொல்லிவிட்டு மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டார்.